நம் வீட்டு முனை

எங்கள் வீட்டிற்கு வரும் பெண்கள் உம்மாவின் அறையில் அமர்ந்து நலம் விசாரித்து முடித்ததும், பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அலமாரிக்கு மேலே பச்சை விளக்கு எரிகிறதே, அது என்ன?" என்பதே அக்கேள்வி. உள்ளங்கையை விடச் சற்றே பெரிய கறுப்புப் பெட்டி அது. சுவரிலிருந்து ஒரு கம்பி அதனுள் செல்கிறது. அதிலிருந்து இன்னொரு கம்பி புறப்பட்டு, அருகிலிருக்கும் வெள்ளை நிற இணையப் பெட்டிக்குச் செல்கிறது. மின்சாரம் நின்றாலும் இணையம் நிற்காதபடி காக்கும் பெட்டி என்று விளக்கம் கூறுவேன். கடைகளில் 'மினி யூ.பி.எஸ்.' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு நல்ல சேலைக்குக் கொடுக்கும் விலை கூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டு விட்டு அவர்கள் வேறு பேச்சுக்குப் போய் விடுவார்கள். ஆனால் அந்தச் சிறு பெட்டி எங்கள் வீட்டிற்கு வந்த கதை அவ்வளவு சிறியதன்று. என்னைப் போலவே கடல் கடந்த உறவுகளின் குரலுக்காகக் காத்திருக்கும் சகோதரிகளுக்கு அது பயன் தரலாம் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன்.

இருளில் ஒலித்த மணி

எங்கள் ஊர் காயல்பட்டினம். வாணிபத்தின் பொருட்டு ஆண்கள் கடல் கடந்து செல்வதும், பெண்கள் ஊரில் இருந்து குடும்பத்தைக் காப்பதும் இங்கே பல தலைமுறைகளாக உள்ள வழக்கம். என் காக்கா 1987ஆம் ஆண்டு, தம் 25ஆம் வயதில், இரத்தினக் கல் வாணிபத்திற்காக ஹாங்காங் சென்றார். இன்று வரை அவருடைய பிழைப்பு அங்கேதான்.

தொடக்கத்தில் கடிதங்கள் வந்தன. 1990களில் எங்கள் வீட்டிற்குத் தொலைபேசி வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அஸருக்குப் பின் காக்கா அழைப்பார். வாப்பா முதலில் பேசுவார்கள், அடுத்து உம்மா, கடைசியாக எனக்கு அரை நிமிடம் கிடைக்கும். அந்நாட்களிலும் மின்சாரம் அடிக்கடி நின்றது. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக் கொண்டு, விசிறியும் கையுமாக அமர்ந்திருப்போம். அந்த இருளிலும் தொலைபேசி மணி தவறாமல் ஒலிக்கும். விளக்கு எரியவில்லை, மின்விசிறி சுழலவில்லை, தொலைபேசி மட்டும் எப்படிப் பேசுகிறது என்று நாங்கள் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

தொலைபேசி நிலையத்தில் பணியாற்றிய வாப்பாவின் நண்பர் ஒருவர் பின்னர் அதனை எனக்கு விளக்கினார். தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவதன்று. நிலையத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் பெரிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம், நாம் பேசும் அதே செம்புக் கம்பி வழியாக வீடு வரை வந்து சேர்கிறது. ஊரே இருண்டாலும் அந்தப் பேட்டரிகள் உழைத்துக் கொண்டிருக்கும். அவை தளர்ந்தால் ஜெனரேட்டர் இருக்கிறது. நம் வீட்டுப் பேச்சு அறுந்து போகாதிருக்க, முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் கவலைப்பட்டுக் கொண்டிருந்தார். அந்தக் கவலை நம்முடையதாக இல்லாததால், அப்படி ஒன்று இருந்ததையே நாம் அறியவில்லை.

கைமாறிய பொறுப்பு

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, மகளின் கல்லூரிப் பாடங்களுக்காகக் கண்ணாடி இழை இணைப்பு வாங்கினோம். செம்புக் கம்பியும் பழைய தொலைபேசியும் அதன் பின் வேண்டாதவை ஆகி விட்டன. வெள்ளைப் பெட்டி ஒன்று உம்மாவின் அறையில் அமர்ந்தது. காக்காவின் குரலோடு அவர் முகமும் வரத் தொடங்கியது. உம்மா மகிழ்ந்தார்கள். வெள்ளிக்கிழமை அழைப்பு அன்றாட அழைப்பாயிற்று.

இந்தக் கண்ணாடி இழையின் அமைப்பை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழையின் வழியே செய்தி ஒளியாகப் பாய்ந்து வருகிறது. ஓர் இழையில் வரும் ஒளியை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பகிர்ந்தளிக்கும் சிறு பெட்டிகள் வழியில் உள்ளன. அவற்றிற்கும் மின்சாரம் தேவையில்லை. ஒளியைப் பிரிப்பது மட்டுமே அவற்றின் வேலை. நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவு வரை, இடையில் எங்கும் மின்சாரம் கேட்காமலே அந்த ஒளி செல்ல வல்லது. மின்சாரம் வேண்டுவது இரண்டே இடங்களில்தான். ஒன்று, அவர்களுடைய நிலையம். மற்றொன்று, நம் வீட்டு வெள்ளைப் பெட்டி.

நிலையத்தில் பேட்டரிகள் இருக்கின்றன. நம் வீட்டில்? பழைய தொலைபேசியைக் கொடுத்தவர்கள் நம் முனைக்கும் சேர்த்தே மின்சாரம் அனுப்பினார்கள். கண்ணாடியின் வழியே ஒளி வருமேயன்றிப் பெட்டியை இயக்கும் மின்சாரம் வராது. ஆகவே நம் முனையைக் காக்கும் பொறுப்பு ஓசையின்றி நம் கைக்கு மாறி விட்டது. இணைப்புக் கொடுக்க வந்தவர் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அறுந்து போன பேச்சு

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் காக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. இதய அறுவை செய்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் கூறி விட்டார்கள். மறுநாள் காலை அறுவை என்ற நிலையில், முந்திய இரவு மருத்துவமனையிலிருந்து காக்கா அழைத்தார். நம் நேரத்திற்கு ஹாங்காங் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பது. இங்கே மாலை 7 மணி. அங்கே இரவு ஒன்பதரை. பத்து மணிக்கு நோயாளிகள் கைபேசியை அணைத்து விட வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் ஒழுங்கு.

உம்மாவுக்கு அப்போது 80 வயது. கட்டிலில் சாய்ந்தபடி மகனின் முகத்தைப் பார்த்துக் கொண்டே பேசினார்கள். சாப்பிட்டாயா, குளிர்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற வழக்கமான கேள்விகள். பத்து நிமிடங்கள் கழிந்திருக்கும். காக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்றார்.

அந்த நொடியில் மின்சாரம் நின்றது. திரையில் காக்காவின் முகம் பாதிச் சொல்லோடு உறைந்து, பிறகு மறைந்து போயிற்று.

"என்ன மகளே, அவன் என்னமோ கேட்டானே!" என்றார்கள் உம்மா.

"இப்போது வந்து விடும் உம்மா" என்று சொல்லி விட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கால் மணி நேரம் கடந்தது. எங்கள் வீடு பழைய காலத்து வீடு. சுவர்கள் இரண்டு சாண் கனம். உள் அறைகளில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. கைவிளக்கைத் தேடி எடுத்துக் கொண்டு மாடிப் படியேறி, மொட்டை மாடியில் நின்று காக்காவை அழைத்தேன். மணி போயிற்று, இணைப்புக் கிடைக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். அதற்குள் நம் நேரம் ஏழரையைத் தாண்டி விட்டது. அங்கே பத்து மணி. அவருடைய கைபேசி அணைந்து விட்டிருந்தது. நான் அனுப்பிய செய்திக்கு ஒற்றைக் குறி மட்டுமே விழுந்தது.

மின்சாரம் இரவு 9 மணிக்கு மேல் வந்தது. வெள்ளைப் பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஆனால் பேசுவதற்கு மறுமுனையில் எவரும் இல்லை.

அன்றிரவு உம்மா உறங்கவில்லை. கைபேசியை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார்கள். "என்ன கேட்க வந்தானோ, என்ன கேட்க வந்தானோ" என்று சொல்லிக் கொண்டே இருந்தார்கள். தஹஜ்ஜுதுக்கு எழுந்தவள் அவர்கள் அருகிலேயே அமர்ந்து கொண்டேன். ஆறுதல் சொல்ல என்னிடம் சொல் ஏதுமில்லை. ஒரு வேளை அவர் மீண்டும் பேசாமலே போய் விட்டால் என்ற நினைப்பு எங்கள் இருவர் மனத்திலும் இருந்தது. அதை இருவருமே வாய் திறந்து சொல்லவில்லை.

இறையருளால் அறுவை நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் காக்கா மெலிந்த குரலில் பேசினார். உம்மா நலம் விசாரிக்கவும் பொறுக்காமல், "அன்றைக்கு என்ன கேட்க வந்தாய்?" என்றார்கள்.

"பொருத்தம் கேட்க வந்தேன் உம்மா. நான் செய்த குறைகளைப் பொருந்திக் கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தேன். சொல்லாமலே போய் விடுவேனோ என்று பயந்து விட்டேன்" என்றார் காக்கா.

"அன்று இரவே பொருந்திக் கொண்டேன், வாப்பா" என்றார்கள் உம்மா. அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் அச்சொல், வேண்டிய இரவில் அவரைச் சென்று அடையவில்லை. அத்தனைக்கும் அன்று கண்ணாடி இழை அறுந்திருக்கவில்லை. நிலையமும் இயங்கிக் கொண்டுதான் இருந்தது என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்தேன். அணைந்திருந்தது எங்கள் முனை மட்டுமே.

மூன்று தவறுகள்

இனி இப்படி நேரக் கூடாது என்று உறுதி பூண்டேன். ஆனால் வழி தெரியாமல் மூன்று முறை தவறினேன். அத்தவறுகளை மறைக்காமல் சொல்வது பிறருக்கு உதவும்.

முதலாவது, கைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் ஒன்றை வெள்ளைப் பெட்டியுடன் கம்பியால் இணைத்துப் பார்த்தேன். பெட்டி உயிர் பெறவில்லை. சாதாரணப் பவர் பேங்க் கொடுப்பது 5 வோல்ட். எங்கள் பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட். தாழ்ந்த தொட்டியிலிருந்து உயர்ந்த மாடிக்கு நீர் தானே ஏறாதது போல, அது இயங்க மறுத்து விட்டது.

இரண்டாவது, வீட்டின் கீழ்க்கட்டில் விளக்கிற்காக வைத்திருந்த பழைய இன்வெர்ட்டரிலிருந்து கம்பி இழுத்தேன். மின்சாரம் நிற்கும் கணத்தில் இன்வெர்ட்டர் பொறுப்பேற்க நொடியின் சிறு பங்கு நேரம் எடுத்துக் கொண்டது. விளக்கு ஒரு முறை கண் சிமிட்டி விட்டு எரியும். நமக்கு அது பொருட்டன்று. ஆனால் இணையப் பெட்டி அந்தச் சிமிட்டலிலேயே அணைந்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து எழும்ப மூன்று நிமிடம் பிடித்தது. எல்லா இன்வெர்ட்டரும் இப்படிச் செய்வதில்லை, எங்களுடையது செய்தது. அன்றியும், ஏழு வாட் மின்சாரம் போதும் பெட்டிக்காக, பெரிய பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இயக்குவது ஒரு டம்ளர் தேநீருக்காக வலீமா அண்டாவை அடுப்பில் ஏற்றுவது போன்றது.

இந்நிலையில்தான், கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் சாச்சாவின் மகளிடம் பேசிக் கொண்டிருந்தபோது வழி பிறந்தது. 2022ஆம் ஆண்டு இலங்கை பட்ட பாட்டை நாம் அறிவோம். எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரத்தை நிறுத்தினார்கள். "லாத்தா, நாங்கள் அந்த நாட்களை ஒரு சிறு பெட்டியை வைத்துக் கொண்டே ஓட்டினோம். பிள்ளைகளின் படிப்பும் அவர் வேலையும் அதனால்தான் நிற்கவில்லை" என்று அவள் சொன்ன பிறகே 'மினி யூ.பி.எஸ்.' என்ற பெயரை நான் கேள்விப்பட்டேன்.

கேட்டதும் மறுநாளே ஒன்றை வாங்கினேன். அதுவே மூன்றாவது தவறு. விலை குறைவு என்பதைத் தவிர அதில் வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. மாட்டியதும் வெள்ளைப் பெட்டி எரிந்தது, சிறிது நேரத்தில் அணைந்தது, மீண்டும் எரிந்தது. எங்கள் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. நான் வாங்கியதோ 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் மட்டுமே கொடுக்கக் கூடியது. பெட்டி கூடுதல் மின்சாரம் கேட்ட வேளைகளில் அதனால் தாக்குப் பிடிக்க முடியவில்லை.

கடைத் தெருவில் மின்பொருள் கடை வைத்திருக்கும் இளைஞரிடம் அதனை எடுத்துச் சென்றேன். அவர் சிரித்துக் கொண்டே, "மாமி, மருந்து வாங்கும்போது சீட்டைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அது போல அடாப்டரின் முதுகைப் பாருங்கள்" என்றார். பிறகு அவர் கற்றுத் தந்தவை இவை.

அடாப்டரின் முதுகில் உள்ள கணக்கு

வோல்ட் என்பது சரியாகப் பொருந்த வேண்டும். 12 கேட்கும் பெட்டிக்கு 12 மட்டுமே. 9 கேட்பதற்கு 9 மட்டுமே. 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் அது கருகிப் போகலாம். ஆம்பியர் என்பது குறையாதிருந்தால் போதும். 1.5 கேட்கும் இடத்தில் 2 ஆம்பியர் கொடுக்கும் பெட்டியை வைப்பதில் தீங்கில்லை. வேண்டிய அளவையே அது எடுத்துக் கொள்ளும். இவற்றோடு, முனைச் செருகியின் அளவும், அதன் நடுப்பகுதி நேர்முனையா எதிர்முனையா என்பதைக் காட்டும் சிறு படமும் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும்.

அடுத்தது எத்தனை நேரம் உழைக்கும் என்னும் கணக்கு. நான் இரண்டாவதாக வாங்கிய பெட்டியின் மேல் 8,800 எம்.ஏ.எச். என்று இருந்தது. இதை அப்படியே 12 வோல்ட்டால் பெருக்கி, ஏறத்தாழ 105 வாட் மணி என்று மகிழ்ந்து விடக் கூடாது. உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலம் ஒவ்வொன்றும் 3.7 வோல்ட் உடையது. பெரும்பாலும் அந்த அளவை வைத்தே இந்த எண்ணை அச்சிடுகிறார்கள். ஆகவே 8.8ஐ 3.7ஆல் பெருக்க, 32 வாட் மணிக்குச் சற்று அதிகம் வரும். 3.7ஐ 12 ஆக உயர்த்துவதில் ஐந்தில் ஒரு பங்கு வரை வெப்பமாக வீணாகும் என்று வைத்துக் கொண்டால், கைக்குக் கிடைப்பது சுமார் 26 வாட் மணி.

எங்கள் வெள்ளைப் பெட்டி உண்மையில் எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்பதை அந்த இளைஞர் ஒரு சிறு கருவியால் அளந்தார். 7 வாட். அடாப்டரின் முதுகுக் கணக்கின்படி 18 வாட் வரும். அது உச்ச அளவு, அன்றாடச் செலவு அதைவிடக் குறைவு. 26ஐ 7ஆல் வகுத்தால் மூன்றே முக்கால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. வீட்டிற்கு வந்து சுவர்ச் சுவிட்சை அணைத்துச் சோதித்தேன். வெள்ளைப் பெட்டியின் விளக்கு ஒரு கணமும் சிமிட்டவில்லை. மூன்று மணி நாற்பது நிமிடம் எரிந்து அணைந்தது. பள்ளிக்கூடத்தில் வெறுத்த கணக்கு, 55ஆம் வயதில் எனக்கு இனித்தது.

வாங்குவதற்கு முன் இன்னொன்றும் விசாரித்துக் கொள்ள வேண்டும். கண்ணாடி இழை நம் வீட்டிற்குள் வரை வருகிறதா என்பதே அது. சில இடங்களில் தெருக்கம்பத்துப் பெட்டி வரை இழையும், அங்கிருந்து வீட்டிற்குச் செம்புக் கம்பியும் வருகின்றன. அந்தக் கம்பத்துப் பெட்டி தெரு மின்சாரத்தில் இயங்குவதாக இருந்தால், மின்சாரம் நிற்கும்போது அதுவும் நின்று விடும். நம் வீட்டுப் பெட்டி எரிந்து கொண்டிருந்தும் பயனிருக்காது.

மழை இரவு

2023 டிசம்பர் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாவட்டத்தில் வாழ்ந்தவர் எவரும் அந்நாளை மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த இரவில்தான் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு இரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மேலே செல்ல வழியின்றி நின்று போனது.

பிற்பகலில் எங்கள் தெருவில் மின்சாரத்தை நிறுத்தி விட்டார்கள். அந்தி வேளையில் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. மருமகனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடி அறைக்குக் கொண்டு சென்றார்கள். இணையக் கம்பி நீளமாக இருந்ததால் வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் மாடிப்படி வரை ஏற்றி வைத்தோம்.

கையிலிருப்பது மூன்றரை மணி நேரத்திற்கான மின்சாரம். இரவோ நீண்டது. வறுமைக் காலத்தில் அரிசியை அளந்து போடுவது போல, அந்த மின்சாரத்தை அளந்து செலவு செய்தேன். ஒரு மணி நேரத்திற்கு ஒரு முறை, கால் மணி நேரம் மட்டும் இயக்குவேன். பெட்டி எழும்ப மூன்று நிமிடம் போக, மீதி நேரத்தில் காக்காவுக்கும் சென்னையில் இருக்கும் என் கணவருக்கும் செய்தி அனுப்புவேன். படம் இல்லை, முகம் பார்த்துப் பேசுவது இல்லை. நான்கு வரிச் செய்தி மட்டும்.

இரவு பத்து மணிக்கு மேல் மழை தணியவில்லை. நிலையத்தின் பேட்டரிகளும் எத்தனை நேரம் தாங்கும் என்ற எண்ணம் வந்தது. ஆகவே காக்காவுக்கு இவ்வாறு எழுதினேன்: "உம்மா மாடியில் நலமாக இருக்கிறார்கள். மருந்து 10 நாளுக்கு இருக்கிறது. குடிநீரும் ரொட்டியும் இருக்கின்றன. இனி எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் இணைப்பு நின்றது என்று மட்டும் எண்ணுங்கள். வேறு ஒன்றும் எண்ணாதீர்கள்."

இரட்டைக் குறி நீலமாயிற்று. "சரி தங்கச்சி. உம்மாவிடம் ஸலாம் சொல்" என்று மறுமொழி வந்தது.

பதினொரு மணிக்கு மீண்டும் இயக்கியபோது வெள்ளைப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று குறித்த இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுமுனையிலிருந்து ஒளி வரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். கைபேசிக் கோபுரங்களும் அதற்குள் ஓய்ந்து விட்டன. நம் முனையில் மின்சாரம் மிச்சமிருந்தும் பேச வழியில்லை. எஞ்சிய மின்சாரத்தைப் பெட்டியின் 5 வோல்ட் துளை வழியாக ஒரு சிறு விளக்கிற்குக் கொடுத்தோம். அந்த வெளிச்சத்தில் உம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று நாட்களுக்குப் பிறகே காக்காவோடு மீண்டும் பேச முடிந்தது. நெஞ்சில் அறுவை செய்து கொண்டவர், தொலைக்காட்சியில் நம் ஊர் வெள்ளத்தைப் பார்த்துக் கொண்டு என்ன பாடுபட்டாரோ என்று அஞ்சியிருந்தேன். அவர் குரல் தெளிவாக இருந்தது. "நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துக் கொண்டிருந்தேன். மருந்து இருக்கிறது, மாடியில் இருக்கிறார்கள் என்ற இரண்டு செய்தியும் போதுமாக இருந்தன" என்றார்.

2022இல் இருபது நிமிடம் பேச்சு அறுந்ததற்கு ஓர் இரவு முழுதும் துடித்தோம். 2023இல் மூன்று நாள் மௌனத்தைத் தாங்கிக் கொண்டோம். அந்தக் கறுப்புப் பெட்டி வெள்ளத்தைத் தடுக்கவில்லை. இணைப்பு நின்று போவதையும் தடுக்கவில்லை. நின்று போவதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க நேரம் தந்தது. அந்த நேரமே எங்களுக்குத் தேவையாக இருந்தது.

சகோதரிகளுக்குச் சில சொற்கள்

இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை எச்சரிக்கையும் வேண்டும். உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம். அது வெப்பத்தை விரும்பாது. துணி மடித்து வைக்கும் இடத்திலோ, திரைக்குப் பின்னாலோ, மெத்தை மேலோ வைக்காதீர்கள். எங்கள் அலமாரியின் மேல் தரையோடு ஒன்றைப் போட்டு, அதன் மேல் வைத்திருக்கிறோம். மின்கலத்திற்கு ஐ.எஸ். 16046 என்னும் இந்தியத் தர எண் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பெட்டி உப்பினாலோ, தொட முடியாதபடி சுட்டாலோ உடனே கழற்றி விடுங்கள். பழுது பார்க்கவோ பிரிக்கவோ முயலாதீர்கள்.

மின்கலத்திற்கும் முதுமை உண்டு. எங்களுடையது இரண்டு ஆண்டுகளில் மூன்று மணி நாற்பது நிமிடத்திலிருந்து இரண்டரை மணிக்கு இறங்கி விட்டது. 2025இல் வேறொன்று மாற்றினோம். மூன்று மாதத்திற்கு ஒரு முறை, பகலில், சுவிட்சை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். வேண்டிய இரவில் அது கைவிட்டு விடக் கூடாது அல்லவா? பழைய பெட்டியைக் குப்பையோடு எறியாதீர்கள். நசுங்கினால் தீப்பற்றும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் மேல் சுமத்தியிருக்கின்றன. வாங்கிய கடையிலோ, மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்து விடுங்கள்.

உம்மாவுக்கு இப்போது பார்வை மங்கி விட்டது. காக்காவின் முகம் திரையில் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. ஆனால் இரவில் விளக்கை அணைத்த பின், அலமாரியின் மேல் இருக்கும் பச்சைப் புள்ளி மட்டும் தெரிகிறதாம். "எரிகிறதா மகளே?" என்று ஒவ்வோர் இரவும் கேட்கிறார்கள். தமக்கே தெரிந்திருந்தும் கேட்கிறார்கள். "எரிகிறது உம்மா" என்று நான் சொன்ன பிறகே கண் மூடுகிறார்கள்.

சென்ற வாரம் காக்கா பேசிக் கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மின்விசிறி ஓய்ந்தது, அறை இருண்டது. காக்காவின் பேச்சு நிற்கவில்லை. தம் பேரன் நடக்கத் தொடங்கியதைச் சொல்லிக் கொண்டே இருந்தார். இங்கே மின்சாரம் நின்றதை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. உம்மா என் கையைப் பிடித்துக் கொண்டு, இருளில் அவர் குரலைக் கேட்டுக் கொண்டிருந்தார்கள். முன்பு மண்ணெண்ணெய் விளக்கின் அருகே அமர்ந்து கேட்டது போலவே இருந்தது.